மலைக்கோட்டையின் முதல் படிகள்

உச்சிப் பிள்ளையாரைப் பார்க்க நானூறுக்கும் மேற்பட்ட படிகள். முதல் சில படிகளைத் தடதடவென்று ஏறுகிறோமே, அந்தச் சக்தி காலையில் சாப்பிட்ட இட்லியிலிருந்து நேரே வருவதில்லை. தசைக்குள் கைக்காசு மாதிரி பாஸ்போகிரியாட்டின் என்றொரு பொருள் இருக்கிறது. சில வினாடிகளில் செலவாகிவிடும். நின்று மூச்சு வாங்கினால் மறுபடி சேரும்.

இதைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் சென்னையில் படித்த எல்லாப்பிரகடா சுப்பாராவ். 1895-ல் பீமவரத்தில் பிறந்தவர். காந்தி சொன்னார் என்று மருத்துவக் கல்லூரியில் கதர் அங்கி போட்டார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். கிடைக்காமல், ஒருபடி குறைந்த எல்.எம்.எஸ்.ஸோடு வெளியே வந்தார்.

ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்குடன் சேர்ந்து, பாஸ்பரஸை அளக்க 1925-ல் ஒரு முறை வகுத்தார். இன்ஜினீயரான எனக்கு இந்த இடம்தான் ரொம்பப் பிடிக்கும். அந்த அளவைதான் 1927-ல் பாஸ்போகிரியாட்டினைக் காட்டிக்கொடுத்தது. அதுவரை லாக்டிக் அமிலமே தசையை இயக்குகிறது என்று நம்பினார்கள். அந்த வழி ஆராய்ச்சிக்கு 1922-க்கான நோபல் பரிசே கொடுத்தாகிவிட்டது! 1930-ல் டென்மார்க்கின் லுண்ட்ஸ்கார்ட், அந்த அமிலம் உண்டாகாமலே தசை சுருங்குவதைக் காட்டியதும் பழைய கொள்கை படுத்துவிட்டது. இவ்வளவுக்கும் ஹார்வர்டு சுப்பாராவுக்கு நிரந்தர வேலை தரவில்லை.

ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியைச் சுற்றி நடக்கும் நம் சீனியர்களுக்கு முதல் பத்து வினாடியைவிடச் சர்க்கரைதான் கவலை. ரத்தச் சர்க்கரையை வாங்கிக்கொள்வதும் தசையின் வேலைதானே! சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரிடம் சென்னையில் நடந்த ஆய்வு 2006-ல் வெளிவந்தது. நடையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் நோய் வரும் வாய்ப்பை 28.5 சதவீதம் குறைத்தன. மெட்ஃபார்மின் மாத்திரை 26.4. இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்கும் 28.2-தான்.