இறுதிப் படுக்கையருகே செவிலியர்

நம் பங்கின் முதியோர் மறந்திருக்க மாட்டார்கள். குருவானவர் அர்ச்சிக்கப்பட்ட எண்ணெயுடன் ஒரு வீட்டுப்படி ஏறினாலே, அங்கே ஒருவருக்கு இறுதிவேளை வந்துவிட்டதென அக்கம்பக்கத்தார் அறிந்துகொள்வர். 'அவஸ்தைப் பூசுதல்' என்ற பெயரே நமக்கு அச்சமூட்டிற்று. 1972-இல் திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் அதனை நோயில் பூசுதலாகத் திருத்தியமைத்தார். அதற்கு முன்பே, 1957-இல், பன்னிரண்டாம் பத்திநாதர் மயக்கமருந்து மருத்துவர்களிடம், அசாதாரணமான சிகிச்சைகளை ஏற்கவேண்டிய கடமை நோயாளிக்கில்லை என்று தெளிவுபடுத்தியிருந்தார்.

இதற்கிடையில் மரணம் வீட்டைவிட்டு மருத்துவமனைக்குக் குடிபெயர்ந்தது. மயிலையில் 1949-இல் இசபெல் மருத்துவமனை எழுந்தது. 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் அடையாறு புற்றுநோய் நிலையம் 12 படுக்கைகளுடன் தொடங்கிற்று. நள்ளிரவில், "சிஸ்டர், நான் பிழைப்பேனா?" என்று நோயாளி கேட்பது செவிலியரிடமே. "டாக்டரைக் கேளுங்கள்" என்பதற்குமேல் அந்நாளைய பயிற்சி அவருக்குச் சொல்லித்தரவில்லை. உறவினரோ, "அவரிடம் சொல்லிவிடாதீர்கள்" என்று கைகூப்புவர். பாவம், செவிலியர் என் செய்வார்!

வழிகாட்டியவரும் செவிலியராய்ப் பயின்றவர்தாம். லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார், வலி திரும்புமுன் மணிக்கணக்குப்படி மார்பின் கொடுப்பதை, ஓர் இல்லத்தின் செவிலியரிடமிருந்தே கற்றார். பின்னர் மருத்துவரானார், 1967-இல் புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் திறந்தார். நம் நாட்டில் 1986-இல் பம்பாயில் சாந்தி அவேத்னா சதனும், 1990-இல் நம் நகரில் ஜீவோதயாவும் தோன்றின. ஆனால் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தால் மார்பின் கிடைப்பது அரிதாயிற்று. எத்தனையோ பேர் வலியோடே மாண்டனர். 2014-இல்தான் அச்சட்டம் தளர்த்தப்பட்டது.

2018-இல் உச்ச நீதிமன்றம், குணமாகும் வழியற்ற நிலையில் கருவிகளால் உயிரை நீட்டிக்க வேண்டாமென ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்கலாம் என்று தீர்ப்பளித்தது. மாஜிஸ்திரேட்டின் கையொப்பமும் வேண்டும் என்றதால் அதை நாடியவர் சிலரே. 2023 ஜனவரியில் இரு சாட்சிகளும், நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியின் சான்றும் போதுமென நடைமுறை எளிதாக்கப்பட்டது.

எனவே செவிலியருக்கான பாடமும் மாறியது. 1994-இல் தோன்றிய இந்திய பாலியேட்டிவ் கேர் சங்கம் அவர்களுக்கெனத் தனிப் பயிற்சி நடத்துகிறது. பதிலை அவசரப்பட்டுச் சொல்லாமல் முதலில் அருகில் உட்காருவது, நோயாளிக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்பது, அவர் சொன்ன விருப்பத்தை மருத்துவர் காணும்படி நோயேட்டில் குறிப்பது: இவற்றையே இத்தகைய பயிற்சி கற்பிக்கிறது. நாமும் நம் பங்குக்கு ஒன்று செய்யலாம். ஞானஸ்நானச் சான்றிதழோடு அலமாரியில் பூட்டிவைத்த விருப்பக் கடிதம் எந்தச் செவிலியர் கண்ணிலும் படாது. அதன் பிரதியொன்றை மருத்துவமனைக்குப் போகும்போதே எடுத்துச் செல்வோமாக.