தாம்பூலப் பையும் ஒரு வங்கிக்காரரும்

கல்யாண வீட்டில் தேங்காய், வெற்றிலை பாக்கு போட்டுக் கொடுக்கும் மஞ்சள் பை எல்லோர் வீட்டிலும் நாலைந்தாவது கிடக்கும். மணமக்கள் பெயர், தேதி, மண்டபம் எல்லாம் அதில் அச்சாகியிருக்கும். இருநூறு பைக்காக யாரும் பெரிய மெஷினை ஓட்டமாட்டார்கள். மரச்சட்டத்தில் வலைத்துணியை இழுத்துக் கட்டி, மேலே மையை ஊற்றி, ரப்பர் கட்டையால் ஒரு இழுப்பு. அவ்வளவுதான், ஸ்கிரீன் பிரிண்டிங்!

சரி, அந்தத் துணியில் எழுத்து எப்படி ஏறுகிறது? வெயிலால். துணி மேல் ஒரு பசையைப் பூசி இருட்டில் காய வைப்பார்கள். கறுப்பு எழுத்துள்ள ஃபிலிமை அதன்மேல் வைத்து, கண்ணாடியால் அழுத்தி, சில நிமிடம் வெயிலில் காட்டுவார்கள். வெயில் பட்ட பசை இறுகிவிடும். எழுத்தின் நிழலில் இருந்த பசை மட்டும் தண்ணீரில் கரைந்து போகும். அந்த வழியாக மை இறங்கும். வீட்டு மொட்டைமாடியே போதும்.

இந்த வித்தையின் மூலம் தேடிப் போனால் 1839-ல் ஸ்காட்லாந்தில் நிற்கிறோம். புகைப்படம் பிறந்த வருடம் அது. பிரான்ஸில் டாகேர், இங்கிலாந்தில் டால்பாட் இருவருமே வெள்ளி உப்பை நம்பியிருந்தார்கள். வெள்ளி என்றால் விலை. அதே வருடம் எடின்பரோவில் மங்கோ பொன்டன் என்பவர் (பெயரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்) பொட்டாசியம் டைகுரோமேட் தடவிய காகிதம் வெயிலில் நிறம் மாறுவதைக் கண்டுபிடித்தார். வெயில் படாத இடத்தின் உப்பு தண்ணீரில் போய்விடும், பட்ட இடத்தின் நிறம் நிற்கும். வெள்ளியே வேண்டாம்.

காமர்ஸ் மாணவர்கள் கவனிக்க: பொன்டன் முழுநேர விஞ்ஞானி இல்லை. நேஷனல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்தின் செயலாளர்! கட்டுரைக்கு அவர் வைத்த தலைப்பிலேயே 'மலிவான, எளிய முறை' என்ற பொருள் வருகிறது. காப்புரிமை வாங்கவில்லை. யார் வேண்டுமானாலும் செய்து பார்க்கட்டும் என்று வெளியிட்டுவிட்டார். டால்பாட் 1841-ல் தன் புகைப்பட முறைக்குக் காப்புரிமை எடுத்து, பயன்படுத்தியவர்களிடம் கட்டணம் கேட்டதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

வேடிக்கை என்னவென்றால், அடுத்த படியை ஏறியவர் அதே டால்பாட். டைகுரோமேட் கலந்த ஜெலட்டின் வெயிலில் இறுகிக் கரையாமல் போகிறது என்று 1852-ல் கண்டு, அதற்கும் காப்புரிமை வாங்கினார்.

இன்னொரு கிளை ஜப்பானிலிருந்து வருகிறது. காகிதத்தில் 'வ' என்று வெட்டினால் சுழிக்குள் இருக்கும் துண்டு கீழே விழுந்துவிடும் அல்லவா? துணிக்கு அச்சிட்ட ஜப்பானியர்கள் வெட்டிய காகிதத்துக்குள் மெல்லிய பட்டு நூல்களை ஓடவிட்டு அதைப் பிடித்து வைத்தார்கள். 1907-ல் மான்செஸ்டரின் சாமுவேல் சைமன் சட்டத்தில் கட்டிய பட்டுத்துணி வழியாக அச்சிடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஐரோப்பாவில் மாவு சலிக்க ஏற்கெனவே இருந்த பட்டுத்துணி இந்த வேலைக்கும் வசதியாக அமைந்தது. அதன்பிறகு பட்டும் டைகுரோமேட்டும் சேர, கையால் வெட்டும் வேலை குறைந்தது. இன்று வலை பாலியெஸ்டர்தான், 'சில்க்' பெயரில் மட்டும் மிச்சம்.

முதல் பைக்கும் கடைசிப் பைக்கும் ஒரே சட்டம். அந்த நிலைச் செலவு சொற்பம் என்பதால்தான் சின்ன ஆர்டரும் கட்டுபடியாகிறது. கையில் பெரிய முதல் இல்லாதவர்களும் தொழில் தொடங்க முடிந்ததற்கு, வெயிலுக்கு பில் வராததும் ஒரு காரணம்.

ஆனால் கணக்கில் எழுதாத ஒரு செலவு உண்டு. டைகுரோமேட் கடும் விஷம். தோலில் ஆறாத புண் வரும், ஒவ்வாமை ஒருமுறை வந்தால் லேசில் விடாது. அதிலுள்ள ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான விஷயம். ஐரோப்பிய ஒன்றியம் 2017 முதல் சிறப்பு அனுமதி இல்லாமல் இதைப் பயன்படுத்தத் தடை போட்டது. 'மலிவு' என்று பொன்டன் சொன்னது மருந்தின் விலையைத்தான். மீதி விலையைக் கொடுத்தவை, வெறுங்கையால் அதைக் கலக்கிய கைகள். அந்தக் கைகளின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

நல்லவேளையாக இப்போது டயசோ பசை கிடைக்கிறது. அதுவும் வெயிலில் இறுகும், அதில் குரோமியம் இல்லை. வீட்டில் செய்து பார்க்க ஆசைப்படுபவர்கள் அதையே வாங்குங்கள். கடைக்காரர் பழைய ஆரஞ்சு நிறப் பொடியை 'இதுதான் சீப்' என்று நீட்டினால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த தடவை தாம்பூலப் பை வாங்கும்போது எழுத்தின் ஓரத்தை ஒருமுறை தடவிப் பாருங்கள். அதற்குப் பின்னால் ஒரு வங்கிக்காரர் இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போன யோசனை இருக்கிறது.