போர்க்களத்திலிருந்து வகுப்பறைக்கு

படிப்பை நடுவில் விட்டுவிட்டுச் சில ஆண்டுகள் கழித்து மீண்டும் தொடங்குகிறவர் மனத்தில் முதலில் எழும் கேள்வி, "இனிமேல் என்னால் படிக்க முடியுமா?" என்பதே. குடும்ப வறுமையால் பள்ளியை விட்டு வேலைக்குப் போனவர், திருமணத்தோடு கல்லூரியை விட்ட பெண், நோயால் ஓராண்டை இழந்த மாணவர் ஆகிய எல்லோருக்கும் இதே கேள்விதான். வகுப்பில் சுற்றிலும் இளையவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். கரும்பலகையில் இருப்பதோ பாதி மறந்துபோன பாடம். இரவில் தூக்கம் வராது. தேர்வு நெருங்க நெருங்க வயிறு கலங்கும். பலர் இவற்றையெல்லாம் தம் அறிவுக்குறைவின் அடையாளம் என்றே முடிவு கட்டி, முதல் சில வாரங்களிலேயே விலகி விடுகிறார்கள்.

அந்த முடிவு சரிதானா? இதற்கு விடை காண வரலாற்றிலேயே ஒரு மாபெரும் சோதனை நடந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட முன்னாள் போர்வீரர்கள் சில ஆண்டுகளுக்குள் கல்லூரிகளில் சேர்ந்தார்கள். அவர்கள் கதையைப் பார்ப்போம்.

ஒரு சட்டமும் ஓர் எச்சரிக்கையும்

முதல் உலகப் போரில் பணியாற்றிய அமெரிக்க வீரர்கள் பின்னர் வேலையின்றித் தவித்தார்கள். 1932-ஆம் ஆண்டில் அவர்களில் ஆயிரக்கணக்கானோர் தமக்கு உறுதியளிக்கப்பட்ட தொகையை உடனே தருமாறு கேட்டு வாஷிங்டனில் திரண்டார்கள். இராணுவத்தைக் கொண்டே அவர்களை விரட்டினார்கள். அந்த நினைவு அரசின் மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீரர்கள் ஒரே சமயத்தில் ஊர் திரும்பினால் என்ன ஆகும் என்ற கவலையும் சேர்ந்துகொண்டது.

1944 ஜூன் 22 அன்று குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். 'ஜி.ஐ. சட்டம்' என்று மக்கள் அதை அழைத்தார்கள். அதன்படி கல்விக் கட்டணம், புத்தகம் முதலியவற்றுக்கு ஆண்டுக்கு 500 டாலர் வரை அரசே செலுத்தும். சாப்பாட்டுச் செலவுக்கு மாதம் 50 டாலர். குடும்பம் உடையவருக்கு 75 டாலர். இத்தொகைகள் பின்னர் உயர்த்தப்பட்டன. 25 வயதைக் கடந்தவர், போரினால் தம் படிப்பு தடைப்பட்டதென்று காட்ட வேண்டும் என்ற விதி முதலில் இருந்தது. 1945 டிசம்பரில் வந்த திருத்தம் அதையும் நீக்கியது.

கல்வியாளர்கள் எல்லோரும் இதை வரவேற்றார்கள் என்று நினைத்து விடாதீர்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தின் தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸ், 1944 டிசம்பரில் ஒரு வார இதழில் கடுமையாக எச்சரித்தார். கல்லூரிகள் போக்கிடமற்ற நாடோடிகளின் முகாம்களாகி விடும் என்பது அவர் அச்சம். ஹார்வர்டு பல்கலைக்கழகத் தலைவர் ஜேம்ஸ் கோனன்ட்டும், தகுதி குறைந்தவர்கள் வந்து குவிவார்கள் என்று கவலைப்பட்டார். போரில் மனம் நைந்தவர்கள், பாடங்களை மறந்தவர்கள், வயது கடந்தவர்கள், மனைவி மக்களைச் சுமப்பவர்கள் எப்படிப் படிக்கப் போகிறார்கள்? கேட்டவர்களுக்கு இது நியாயமான ஐயமாகவே பட்டது.

நடந்தது என்ன?

வீரர்கள் அலை அலையாக வந்தார்கள். 1947-இல் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களில் 49 விழுக்காட்டினர் முன்னாள் வீரர்கள். எண்ணிக்கையில் 11 இலட்சத்துக்கும் மேல். திட்டம் 1956-இல் முடிவதற்குள் ஏறத்தாழ 22 இலட்சம் பேர் கல்லூரிகளில் படித்திருந்தார்கள். விடுதிகள் போதவில்லை. படையினருக்காகச் செய்த அரைவட்டக் கூரைத் தகரக் கொட்டகைகளைக் கல்லூரி வளாகங்களில் நிறுத்தினார்கள். அவற்றில் இளம் தம்பதிகள் குடியிருந்தார்கள். ஒரு மூலையில் குழந்தை அழ, இன்னொரு மூலையில் தந்தை நுண்கணிதம் படித்த காலம் அது.

தேர்வு முடிவுகள் எப்படி இருந்தன? நார்மன் பிரெடரிக்சன், ஷ்ரேடர் என்னும் இரு ஆய்வாளர்கள் பல கல்லூரிகளின் மாணவர்களை ஒப்பிட்டு, 1951-இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். ஒரே அளவு திறமை உடைய இருவரில் ஒருவர் முன்னாள் வீரர், மற்றவர் பள்ளியிலிருந்து நேராக வந்தவர் என்றால், முன்னாள் வீரரே பொதுவாகச் சற்றுக் கூடுதலாக மதிப்பெண் பெற்றிருந்தார். வேறுபாடு சிறியதுதான். ஆனால் ஹட்சின்ஸ் எதிர்பார்த்ததற்கு நேர் எதிர்த்திசையில் அது இருந்தது.

இயற்பியல் படிக்கும் வாசகர்கள் இரண்டு பெயர்களை நினைவில் வைத்துக்கொள்ளலாம். லியான் லெடர்மன் 1943-இல் பட்டம் பெற்று, மூன்றாண்டு இராணுவத்தில் இருந்தார். 1946-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1951-இல் ஆய்வுப் பட்டம் பெற்றார். 1988-இல் நோபல் பரிசு பெற்றார். ஜாக் கில்பி இல்லினாய்ஸ் பல்கலைக்கழகப் படிப்பை நிறுத்திவிட்டுப் படையில் சேர்ந்தார். வடகிழக்கு இந்தியாவில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்த முகாமில் வானொலிக் கருவிகளைப் பழுது பார்த்தார். போருக்குப் பின் திரும்பி வந்து 1947-இல் பட்டம் பெற்றார். 1958-இல் அவர் உருவாக்கியதுதான் தொகுப்புச் சுற்று. இன்று கணிப்பொறி முதல் கைப்பேசி வரை எல்லாவற்றிலும் அதன் வழித்தோன்றல்களே இருக்கின்றன. 2000-இல் அவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

எல்லோரும் லெடர்மன் ஆகிவிட முடியாது. ஆனாலும் இலட்சக்கணக்கான சாதாரண மனிதர்கள் தேறினார்கள் அல்லவா? மீண்டும் படிக்க வருகிறவரை வாட்டும் அச்சங்கள் மூன்று: மறதி, படபடப்பு, தனிமை. இவை மூன்றையும் பற்றி அறிவியல் கூறுவதை ஒவ்வொன்றாகக் காண்போம்.

மறந்தது அழிந்ததா?

ஹெர்மன் எபிங்ஹாஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் தம்மையே சோதனைப் பொருளாக்கிக்கொண்டார். பொருளற்ற அசைகளை வரிசையாக மனப்பாடம் செய்தார். குறிப்பிட்ட காலம் கழித்து அதே வரிசையை மீண்டும் கற்றார். இரண்டாம் முறை எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று கணக்கிட்டு 1885-இல் வெளியிட்டார். ஒரு மணி நேரம் கழித்துக் கற்றால் 44 விழுக்காடு நேரம் மிச்சம். ஒரு நாள் கழித்து 34. ஆறு நாள் கழித்து 25. முப்பத்தோரு நாள் கழித்து 21.

இந்த எண்களைச் சற்று உற்று நோக்குங்கள். முதல் நாளில் வீழ்ச்சி மிகுதி. பிறகு அது தணிந்துகொண்டே போகிறது. ஆறாம் நாளுக்கும் முப்பத்தோராம் நாளுக்கும் இடையே நான்கே விழுக்காடுதான் குறைகிறது. வாய்விட்டுச் சொல்ல வராத பாடம்கூட மூளையில் ஒரு தடத்தை விட்டுச் சென்றிருக்கிறது. பொருளற்ற அசைகளுக்கே இந்த நிலை என்றால், பொருள் புரிந்து படித்த பாடம் இன்னும் ஆழமாகவே பதிந்திருக்கும். எனவே திரும்பி வருகிறவர் வெறும் பலகையோடு வருவதில்லை. முதல் மாதத்தின் தடுமாற்றம், பழைய தடம் மீண்டும் துலங்க எடுத்துக்கொள்ளும் காலமே.

எபிங்ஹாஸ் இன்னொன்றும் கண்டார். ஒரு வரிசையை ஒரே நாளில் 68 தடவை படித்ததால் கிடைத்த பயன், மூன்று நாட்களில் பிரித்து 38 தடவை படித்தபோதே கிடைத்துவிட்டது. தேர்வுக்கு முந்தின இரவு முழுவதும் கண்விழிப்பவர்கள் கவனிக்க வேண்டிய கணக்கு இது.

அச்சம் அறிவுக்குறைவா?

அடுத்து உடலைப் பார்ப்போம். ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் உடலியல் பேராசிரியராக இருந்த வால்டர் கேனன், அச்சமும் சினமும் உடலில் என்ன மாறுதல் செய்கின்றன என்று ஆராய்ந்து 1915-இல் ஒரு நூல் வெளியிட்டார். அதில் ஒரு சுவையான செய்தி உண்டு. ஒன்பது மருத்துவ மாணவர்களின் சிறுநீரைத் தேர்வு முடிந்ததும் சோதித்தார்கள். வழக்கமாக அவர்கள் யாருக்கும் சிறுநீரில் சர்க்கரை இல்லை. கடினமான தேர்வுக்குப் பின் நான்கு பேருக்குச் சர்க்கரை காணப்பட்டது. எளிய தேர்வுக்குப் பின் ஒருவருக்கு மட்டும்.

அச்சம் தோன்றியதும் அட்ரினல் சுரப்பி அட்ரினலினைக் குருதியில் கலக்கிறது. அது கல்லீரலில் சேமித்திருக்கும் கிளைக்கோஜனைச் சர்க்கரையாக்கி வெளியிடச் செய்கிறது. ஓடவோ போராடவோ தேவையான எரிபொருள் அது. அதே சமயம் இதயம் விரைந்து துடிக்கிறது, செரிமானம் தடைப்படுகிறது. தேர்வு அறையில் யாரும் ஓடப் போவதில்லை. ஆனால் உடலுக்கு அது தெரியாது. 1913-ஆம் ஆண்டுப் பருவத்தின் இறுதிப் பந்தயம் முடிந்ததும் ஹார்வர்டு கால்பந்துக் குழுவின் 25 பேரைச் சோதித்தபோது 12 பேருக்குச் சர்க்கரை இருந்தது. அவர்களில் ஐவர் களத்தில் இறங்கவே இல்லை. வெளியே உட்கார்ந்திருந்த மாற்று ஆட்டக்காரர்கள்! ஆகவே நெஞ்சு படபடப்பது திறமை இல்லை என்பதற்குச் சான்றாகாது. உடல் தன்னைத் தயார் செய்துகொள்கிறது என்பதே அதன் பொருள்.

அப்படியானால் அச்சம் மிக மிக நல்லதா? அதுவும் இல்லை. 1908-இல் யெர்க்ஸ், டாட்சன் என்னும் இருவர் சுண்டெலிகளுக்கு வெள்ளைப் பெட்டியையும் கறுப்புப் பெட்டியையும் பிரித்தறியப் பழக்கினார்கள். தவறான பெட்டிக்குள் நுழைந்தால் சிறு மின்னதிர்ச்சி கிடைக்கும். வேறுபாடு எளிதில் தெரிந்தபோது அதிர்ச்சி வலுவாக வலுவாக எலிகள் விரைந்து கற்றன. வேறுபாடு நுட்பமாக இருந்தபோதோ நடுத்தர அதிர்ச்சியிலேயே நன்கு கற்றன; வலுவான அதிர்ச்சி கற்றலைத் தாமதப்படுத்தியது. மனிதன் எலி அல்லன். இருந்தாலும் கடினமான பாடத்தில் தடுமாறுகிறவரை மேலும் மிரட்டுவதால் பயனில்லை என்பதை ஆசிரியர்களும் பெற்றோர்களும் இதிலிருந்து ஊகிக்கலாம்.

'மன இறுக்கம்' என்று நாம் சொல்வதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் சொல் இயற்பியலில் உள்ள 'தகைவு' என்பதே. அதை மருத்துவத்தில் பரப்பியவர் ஹான்ஸ் செல்யே. தாம் சொல்ல வந்தது புறத்தேயிருந்து வரும் தகைவு அன்று, அதனால் உடலில் ஏற்படும் 'திரிபு' என்று அவரே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். கம்பியில் எடையைத் தொங்கவிட்டு நீட்சியை அளந்த மாணவருக்கு இது எளிதில் புரியும். மீட்சி எல்லைக்குள் இருக்கும் வரை, எடையை எடுத்ததும் கம்பி பழைய நிலைக்குத் திரும்பிவிடும். எடையை இறக்கி வைக்கும் நேரமும் வேண்டும். உறக்கமும் ஓய்வும் விளையாட்டும் அந்த நேரம்.

தனிமையும் துணையும்

மூன்றாவது அச்சம் தனிமை. முன்னாள் வீரர்கள் தனியாக வரவில்லை, கூட்டமாக வந்தார்கள். வகுப்பில் பாதிப் பேர் தம்மைப் போன்றவர்களே என்னும்போது கூச்சத்துக்கு இடம் ஏது? அரசும் பல கல்லூரிகளில் அவர்களுக்கான வழிகாட்டு நிலையங்களை அமைத்தது. உளவியல் அறிஞர் கார்ல் ரோஜர்ஸ் இன்னொருவருடன் சேர்ந்து, திரும்பி வந்த வீரர்களுக்கு ஆலோசனை கூறுவது பற்றி 1946-இல் ஒரு நூலே எழுதினார்.

துணையின் பயன் உடலிலும் தெரிகிறது. ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கீகோல்ட்-கிளேசரும் குழுவினரும் 75 முதலாண்டு மருத்துவ மாணவர்களின் குருதியைத் தேர்வுக்கு ஒரு மாதம் முன்பும் தேர்வின் முதல் நாளிலும் சோதித்து, 1984-இல் முடிவை வெளியிட்டார்கள். நோயை எதிர்க்கும் ஒரு வகை வெள்ளணுக்களின் செயல்திறன் தேர்வு நாளில் குறைந்திருந்தது. தனிமையை மிகுதியாக உணர்ந்தவர்களிடம் அத்திறன் மற்றவர்களைவிடத் தாழ்ந்திருந்தது.

இங்கே ஓர் உண்மையை மறைக்கக் கூடாது. ஜி.ஐ. சட்டத்தின் பயன் எல்லோருக்கும் சமமாகக் கிடைக்கவில்லை. தென் மாநிலங்களில் வெள்ளையர் கல்லூரிகளின் கதவு கறுப்பின வீரர்களுக்கு மூடியே இருந்தது. கறுப்பினத்தவருக்கான கல்லூரிகளில் இடம் போதாமல் பலர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அவர்களும் அதே போரில் பணியாற்றியவர்கள்தாம். அவர்களிடம் ஊக்கத்துக்குக் குறைவில்லை. அவர்களுக்குக் கிடைக்காதது இடம். "மனம் இருந்தால் போதும்" என்று சொல்லிவிடுவது எளிது. பணம், இடம், துணை ஆகிய மூன்றும் கைகொடுத்த இடத்தில்தான் அந்த மனம் பலன் கண்டது என்பதே வரலாறு.

உங்களுக்கு

நம் நாட்டிலும் இன்று அஞ்சல் வழியாகவும் திறந்தநிலைப் பல்கலைக்கழகங்கள் வழியாகவும் படிப்பைத் தொடர வழி இருக்கிறது. அப்படித் தொடங்கியிருக்கும் வாசகர் நீங்கள் என்றால், முதல் மாதத்து மதிப்பெண்ணை வைத்து உங்களை அளக்காதீர்கள். பழைய பாடநூலை எடுத்து நாள்தோறும் சிறிது சிறிதாகப் புரட்டுங்கள். ஒரே மூச்சில் படிப்பதைவிடப் பிரித்துப் படியுங்கள். உங்களைப் போலவே திரும்பி வந்த ஒருவரையாவது தேடிப் பிடித்து, சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். தூக்கத்தை விற்றுப் படிப்பை வாங்காதீர்கள். கலக்கம் பல வாரங்கள் நீடித்து, உணவும் உறக்கமும் கெட்டுப்போனால் மருத்துவரைப் பார்க்கத் தயங்க வேண்டாம்.

உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், "இந்த வயதில் படிப்பு எதற்கு?" என்று கேட்காமல், மாலையில் ஒரு மணி நேரம் அவருக்கு ஒதுக்கிக் கொடுங்கள். இருபத்திரண்டு இலட்சம் பேரைப் பற்றி அறிஞர்கள் கூறிய கணிப்பே பொய்த்துப் போயிற்று. ஒருவரைப் பற்றி ஒரே மாதத்தில் நாம் கணித்துவிட வேண்டாம்.