தோட்டத்து ஸ்டோர் காலமானது

பெல்ஃபாஸ்டைப் பிறப்பிடமாகவும், நுவரெலியா, ஹட்டன் மலைகளை வசிப்பிடமாகவும் கொண்ட தோட்டத்து ஸ்டோர், அதாவது தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலை, காலமானது. இறந்த தேதி சொல்ல முடியாது. ஒரு தோட்டத்தில் கொழுந்தை லொறியில் ஏற்றி அடுத்த தோட்டத்துக்கு அனுப்பத் தொடங்கினார்கள். இன்னொன்றில் இரவு வேலையை நிறுத்தினார்கள். இப்படித்தான் போனது. பீட்ரோ, லபுக்கலை போன்ற சில இன்னும் ஓடுகின்றன, சுற்றுலாக்காரர்களும் வந்து பார்க்கிறார்கள். ஆனால் தோட்டத்துக்கு ஒரு ஸ்டோர் என்றிருந்த ஏற்பாடு முடிந்துவிட்டது.

உள்ளே வேலை பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். மேல்மாடிகள் முழுக்க வாட்டுத் தட்டுகள். சாக்குத்துணி விரித்து, கொழுந்தை மெல்லிசாகப் பரப்பியிருப்பார்கள். வரிசை வரிசையாக அத்தனை ஜன்னல் வைத்தது அழகுக்காக அல்ல, காற்றுக்காக. மழைக்காலத்தில் அந்தக் காற்றும் உதவாது. கீழிருந்து சூடான காற்றை மேலே ஏற்றவேண்டும். பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் வாடிய இலை ரோலருக்கு இறங்கும். அரைபட்ட பச்சை, தரையில் பரப்பிக் கிடக்கும்போதே செம்பு நிறமாகும். எப்போது அடுப்பில் போடுவது என்பதைப் பாதி கடிகாரமும் பாதி டீமேக்கர் ஐயாவின் மூக்கும் சொல்லும். பெல்ஃபாஸ்டில் செய்த சிராக்கோ அடுப்பிலிருந்து தூள் விழும்போது தொழிலாளர் குடியிருந்த லயத்து வாசல்வரை மணக்கும். நல்ல தூள் கொழும்பு ஏலத்துக்குப் போய்விடும். 1883இல் தொடங்கிய ஏலம் அது.

இலங்கையில் கைத்தொழில் 1977இன் திறந்த பொருளாதாரத்தோடும், 1978இல் வந்த கட்டுநாயக்க ஏற்றுமதி வலயத்தோடும்தான் பிறந்தது என்பதுபோலப் பேசுகிறார்கள். அதை நான் ஏற்கமாட்டேன். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். ஒரு தலைமுறைக்குள்ளேயே இந்த மலைகளில் இயந்திரம், இரவு வேலை, தரம்பிரிப்பு, ஏற்றுமதி எல்லாம் வந்துவிட்டன. நாட்டின் இலவசக் கல்விக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் தேயிலைப் பணம் போனது. லயத்துக்குத்தான் வரவில்லை.

ஒரு காலத்தில் தேயிலை விற்றுப் பிழைத்த இன்னொரு தீவு தைவான். அங்கே 1953இல் உழுதவருக்கே நிலம் கொடுத்தார்கள். நிலம் இழந்தவர்களுக்கு இழப்பீட்டின் ஒரு பகுதியை அரச ஆலைகளின் பங்குகளாகத் தந்தார்கள். நிலத்தில் கிடந்த பணம் தொழிலுக்குப் போனது. 1966இல் காவோசியுங்கில் ஏற்றுமதி வலயம் திறந்தபோது, கிராமத்தில் சொந்த நிலமுள்ள குடும்பத்துப் பிள்ளைகளும் அங்கே வேலைக்குப் போனார்கள். இங்கே 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுக்கு வந்தன. தொழிலாளிக்கு ஓர் அங்குலம் வரவில்லை. 1948 சட்டம் குடியுரிமையைப் பறித்த சனத்துக்குக் காணி கேட்க வாய் ஏது? 1992இல் நிர்வாகம் கம்பனிகளின் கைக்கு மாறியது. லயம் லயமாகவே இருந்தது.

1980களில் ஆடை ஏற்றுமதி தேயிலையை முந்தியது. ஸ்டோரில் இரவு வேலை பார்த்தவரின் பேத்தி இன்று கட்டுநாயக்கவில் இரவு வேலை பார்க்கிறாள். இதை வளர்ச்சி என்று எழுத என் பேனா கூசுகிறது. சம்பளம் கூடியிருக்கலாம், ஆனால் தாத்தா கையில் இல்லாத காணி உறுதி அவள் கையிலும் இல்லை.

கந்தப்பளையில் ஹெதர்செட் தோட்டத்து ஸ்டோர் 1996இல் ஹோட்டலாகத் திறந்தது. வாட்டு மாடிகள் விருந்தினர் அறைகளாயின. பழைய இயந்திரத்தைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். கட்டடத்தைக் காப்பாற்றியது நல்ல காரியம், குறை சொல்லமாட்டேன். எல்லா ஸ்டோருக்கும் அந்த யோகம் இல்லை. பல இடங்களில் தகரம் துருப்பிடித்து, இரும்பு எடைக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

கம்பனிக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். மூடிய ஸ்டோர் கையில் இருந்தால், பழைய இரும்புக்காரரைக் கூப்பிடுமுன் அதைத் தோட்டத்துப் பிள்ளைகளின் தொழிற்பயிற்சிக்குக் கொடுங்கள். பாதை, தண்ணீர், மின்சாரம் எல்லாம் அங்கே போய்ச் சேர்ந்து எத்தனையோ வருடமாயிற்று.