கரண்டியில் காய்ச்சிய சிறுநீர்

குமாரலிங்கபுரம் போன்ற கரிசல் ஊர்களில் வெயிலில் உழைத்துவிட்டு மாலையில் குடிப்பவர், "சிறுநீர் தாராளமாகப் போகிறதே, நல்லதுதானே?" என்பார். மூளையிலிருந்து வரும் வாசோபிரெசின் என்னும் ஹார்மோனை மது அடக்குகிறது. சிறுநீரகம் மீட்க வேண்டிய நீரை மீட்காமல் விட்டுவிடுகிறது. வற்றிய கண்மாயின் மடையைத் திறந்த கதைதான்!

1827-இல் இலண்டன் கய்ஸ் மருத்துவமனையின் ரிச்சர்ட் பிரைட், உடல் வீங்கிய நோயாளிகளின் சிறுநீரைக் கரண்டியில் எடுத்து மெழுகுவர்த்திச் சுடரில் காட்டினார். முட்டை வெண்கரு போல் உறைந்தது. பழுதுபட்ட சிறுநீரகம் ஆல்புமின் என்னும் புரதத்தை ஒழுகவிட்டிருந்தது. குளிரும் குடியுமே காரணம் என்று அவர் எண்ணினார்.

குடியின் வேலை அவ்வளவு நேரானதன்று. நெடுநாள் மிகுதியாகக் குடித்தால் இரத்த அழுத்தம் ஏறும். அது சிறுநீரகத்தின் நுண்குழாய்களைச் சிதைக்கும். கல்லீரல் சுருங்கிக் கெட்டாலோ, சிறுநீரகத்துக்கு இரத்த ஓட்டம் குறைந்து, பழுதில்லாத சிறுநீரகமும் நின்றுவிடலாம். இது ஊகமன்று. இவ்வாறு இறந்தவர்களின் சிறுநீரகங்களை அமெரிக்க மருத்துவர்கள் பிறருக்குப் பொருத்தினர். அவை வேலை செய்தன! 1969-இல் இச்செய்தி வெளிவந்தது.

தொடக்கத்தில் வலி இராது. சிறுநீரில் புரதம் உண்டா என்று ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்க்கலாம். கரண்டி வேண்டியதில்லை.