ஆலய நிலவறையில் பிறந்த காப்புறுதி



அடக்கத் திருப்பலி முடிந்து கல்லறைக்குப் புறப்படும் முன்னரே, "சுவாமி, அந்தக் குடும்பத்துக்கு நிதி சேர்க்க வேண்டும், ஞாயிறு பூசையில் அறிவித்துவிடுங்கள்" என்று என்னிடம் கேட்கப்படும் வேளைகள் அண்மைய ஆண்டுகளில் பலமுறை வந்துள்ளன. நீங்கள் ஒருபோதும் கையை விரித்ததில்லை. ஆயினும் வீட்டுக்கடனும் சிறு பிள்ளைகளும் உள்ள இளம் தாய்க்கு அந்தச் சேகரிப்பு சில மாதங்களுக்கே போதும் என்பதை நானும் அறிவேன், நீங்களும் அறிவீர்கள்.

காப்புறுதி பற்றிப் பேசினாலோ, "கடவுள் பார்த்துக்கொள்வார்" என்கிறார் ஒருவர். "சாவைப் பற்றிக் கதைத்தால் சாவு வரும்" என்கிறார் இன்னொருவர். முன்னேற்பாடு செய்வது விசுவாசக் குறைவா? இக்கேள்விக்குத் திருச்சபையின் வரலாறே விடை சொல்லட்டும்.

இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் கார்த்தேஜ் நகரில் வாழ்ந்த தெர்த்தூலியன், உரோமை ஆட்சியாளருக்கு எழுதிய தற்காப்பு நூலில் கிறிஸ்தவர்களின் பொதுப் பேழை ஒன்றைக் குறிப்பிடுகிறார். மாதத்தில் ஒருநாள் ஒவ்வொருவரும் தம்மால் இயன்றதை மனமுவந்து அதில் இடுவர். ஏழைகளின் அடக்கத்துக்கும், பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கும், முதியோருக்கும், கப்பல் உடைந்து அனைத்தையும் இழந்தோருக்கும் அது செலவிடப்பட்டது. மறைசாட்சிகளின் காலத்து மக்கள் சாவுக்கு அஞ்சவில்லை. எனினும் சாவுக்குப் பின் எஞ்சியிருப்போருக்காகச் சேமித்தார்கள்.

இடைக்காலத்தில் கடல் வணிகம் பெருகியபோது, கப்பலுக்கும் சரக்குக்கும் காப்புறுதி தோன்றியது. இன்று எஞ்சியுள்ள மிகப் பழைய காப்புறுதி ஒப்பந்தங்களுள் ஒன்று 1347ஆம் ஆண்டு ஜெனோவாவில் எழுதப்பட்டது. வட்டியைக் கண்டித்த திருச்சபையில், இது மறைமுக வட்டியோ என்ற ஐயம் எழுந்தது. பதினாறாம் நூற்றாண்டில் சலமங்கா பல்கலைக்கழகத்தில் கற்பித்த தொமினிக்கன் துறவி தொமிங்கோ தெ சோத்தோ போன்ற இறையியலாளர்கள் அதனை ஆராய்ந்து, பிறருடைய ஆபத்தைத் தன்மேல் ஏற்றுக்கொள்பவர் அதற்கு விலை பெறுவது நியாயமானதே என்று ஏற்றுக்கொண்டார்கள்.

ஆயினும் நம்மைப் போன்ற புலம்பெயர்ந்தோருக்கு மிக நெருக்கமான கதை அமெரிக்காவில் நிகழ்ந்தது. மைக்கேல் மெக்கிவ்னி 1852இல் கனெற்றிக்கட் மாநிலத்தின் வாட்டர்பரி நகரில் அயர்லாந்துக் குடியேறிகளின் மூத்த மகனாகப் பிறந்தார். பெற்றோருக்குப் பிள்ளைகள் 13 பேர். அவர்களுள் ஆறு பேர் சிறுவயதிலேயே இறந்தனர். அவரோ 13 வயதில் பள்ளியை விட்டுப் பித்தளைத் தொழிற்சாலையில் கரண்டி செய்யும் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். 1873இல், குருமட மாணவராயிருந்தபோது, தந்தை இறந்தார். உழைப்பவர் போன வீடு எப்படித் தத்தளிக்கும் என்பதை அவர் தம் தாயின் முகத்தில் கண்டார். ஆயரின் உதவியால்தான் அவரால் படிப்பைத் தொடர முடிந்தது.

1877 டிசம்பரில் குருவாக அருட்பொழிவு பெற்ற அவர், நியூ ஹேவன் நகரின் புனித மரியாள் பங்குக்கு அனுப்பப்பட்டார். அங்கே தொழிற்சாலைகளில் உழைத்த குடியேறிகள் விபத்தாலும் நோயாலும் இளவயதில் இறந்தனர். பிள்ளைகளைப் பராமரிக்கப் பொருள்வளம் உண்டெனக் காட்ட இயலாத கைம்பெண்களிடமிருந்து பிள்ளைகள் பிரிக்கப்படும் ஆபத்து இருந்தது. டவுன்ஸ் என்ற குடும்பம் தந்தையை இழந்து இந்நிலைக்கு வந்தபோது, அவ்வீட்டு மகன் ஒருவனுக்குப் பாதுகாவலராக நீதிமன்றத்தில் அருட்தந்தையே முன்வந்து நின்றார்.

ஆனால் ஒரு குரு எத்தனை நீதிமன்றங்களில் நிற்க முடியும்? 1881 ஒக்ரோபர் 2ஆம் நாள் ஆலயத்தின் நிலவறையில் பங்கின் ஆண்களை அவர் கூட்டினார். அவ்வாறு உருவாகி, 1882 மார்ச் 29இல் சட்டப்படி பதிவானதே 'நைட்ஸ் ஒஃப் கொலம்பஸ்' அமைப்பு. ஓர் உறுப்பினர் இறந்தால் மற்றவர் ஒவ்வொருவரும் ஒரு டொலர் கொடுப்பர். உறுப்பினர் தொகை ஆயிரத்தை எட்டினால் கைம்பெண்ணுக்கு 1000 டொலர் கிடைக்கும். நம் ஊர்களின் மரண உதவிச் சங்கங்களை அறிந்த உங்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

இம்முறையில் ஒரு குறையும் இருந்தது. உறுப்பினர் முதுமையடைய மரணங்கள் கூடும், சுமை ஏறும், இளையோர் விலகுவர். ஆகவே பிற்காலத்தில் வயதுக்கேற்ற கட்டணமும் சேமநிதியும் கொண்ட முறையான காப்புறுதிக்கு அவ்வமைப்பு மாறியது. அன்பு மட்டும் போதாது, கணக்கும் வேண்டும் என்பதை அவர்கள் கற்றுக்கொண்டார்கள். மெக்கிவ்னி 1890 ஓகஸ்ட் 14இல் நுரையீரல் அழற்சியால் 38 வயதில் இறந்தார். 2020 ஒக்ரோபர் 31இல் திருச்சபை அவரை அருளாளர் நிலைக்கு உயர்த்தியது.

அப்படியானால் லூக்கா நற்செய்தியின் அறிவற்ற செல்வனை ஆண்டவர் ஏன் கண்டித்தார்? அவன் களஞ்சியத்தைத் தனக்காக மட்டுமே பெரிதாக்கினான். எகிப்தில் யோசேப்போ ஏழு செழிப்பான ஆண்டுகளில் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்து, பஞ்சத்தில் ஒரு நாட்டையே காத்தார். இருவரும் சேர்த்தவர்களே. யாருக்காகச் சேர்த்தார்கள் என்பதில்தான் வேறுபாடு இருந்தது.

ஆகவே இவ்வாரம் உங்களிடம் மூன்று கேள்விகள் கேட்கிறேன். உங்கள் வருமானம் இன்று நின்றால் குடும்பம் எத்தனை மாதம் தாங்கும்? காப்புறுதி இருந்தால், பயன்பெறுபவராக யாருடைய பெயர் எழுதப்பட்டுள்ளது? திருமணத்துக்கு முன் எழுதிய பெயரே இன்னும் இருக்கிறதா? அந்தப் பத்திரங்கள் எங்கே உள்ளன என்பது உங்கள் துணைவருக்குத் தெரியுமா?

காப்புறுதிக்கு வழியற்றோரும் நம் பங்கில் உண்டு: வதிவிட அனுமதிக்குக் காத்திருப்போர், நோயின் காரணமாக மறுக்கப்பட்டோர். இயன்றவர்கள் தங்கள் வீட்டுக்கு முன்னேற்பாடு செய்துகொண்டால், நம் பொதுக் காணிக்கை இவர்களுக்குப் போதுமானதாயிருக்கும்.

நாளையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்றார் ஆண்டவர். நாம் இல்லாத நாளையில் நம் பிள்ளைகள் கவலையின்றி இருக்க இன்று ஒரு படிவத்தை நிரப்புவதும் அந்த நம்பிக்கையின் செயலே. ஆண்டவர் உங்கள் இல்லங்களைக் காத்தருள்வாராக.