குழிவிழுந்த மார்பு

குழிவிழுந்த மார்பு என்பது மார்பின் நடுவிலுள்ள நெஞ்செலும்பும் அதை ஒட்டிய விலாக் குருத்தெலும்புகளும் உள்ளமுங்கிப் பள்ளமாகிவிடும் பிறவிக் கோளாறு. மருத்துவத்தில் இதைப் பெக்டஸ் எக்ஸ்கவேட்டம் என்பார்கள். மார்புக்கூட்டில் பிறவியிலேயே வரும் கோளாறுகளில் மிகுதியாகக் காணப்படுவது இதுதான். சுமார் 300 முதல் 400 குழந்தைகளில் ஒருவருக்கு இருக்கும் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. பெண்களைவிட ஆண்களிடம் மூன்று, நான்கு மடங்கு அதிகம். மார்பு முன்னால் துருத்தி நிற்கும் புறா மார்பு இதற்கு நேர் எதிரான அமைப்பு.

பள்ளம் எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்காது. சிலருக்குக் கிண்ணம் போலக் குறுகி ஆழமாக இருக்கும். சிலருக்கு அகன்று மேலோட்டமாக இருக்கும். வலப்பக்கம் கூடுதலாக அமுங்கி, நெஞ்செலும்பே சற்றுத் திரும்பியிருப்பதும் உண்டு. தோள் முன்வளைந்து வயிறு முன்தள்ளி நிற்கும் வாகும் பெரும்பாலும் இதோடு சேர்ந்தே வரும்.

பிள்ளைக்குச் சரியாக ஊட்டவில்லை, கைக்குழந்தையாக இருக்கும்போது சரியாகத் தூக்கவில்லை, கூன்போட்டு உட்கார விட்டுவிட்டோம் என்று பெற்றோர் தங்களையே நொந்துகொள்வது வழக்கம். அதற்கு அடிப்படை இல்லை. விலாக் குருத்தெலும்புகளின் வளர்ச்சியில் வரும் மாறுபாடே நெஞ்செலும்பை உள்ளே தள்ளுகிறது என்பதுதான் இன்றைய விளக்கம். குடும்பத்தில் வேறொருவருக்கும் இருப்பது சகஜம். சத்துமாவும் டானிக்கும் இந்தப் பள்ளத்தை நிரப்பாது. இத்தகைய தவறான நம்பிக்கைகள் புதியவை அல்ல; ஐரோப்பாவில் ஒரு காலத்தில், செருப்புத் தைப்பவர்கள் அச்சுக்கட்டையை நெஞ்சில் அழுத்திப் பிடித்து வேலை செய்வதால்தான் இது வருகிறது என்று நம்பினார்கள்.

சிறுவயதில் பள்ளம் லேசாகவே தெரியும். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பிள்ளை மளமளவென்று உயரும்போதுதான் அது ஆழமாகிறது. சட்டையைக் கழற்றக் கூச்சப்படும் வயதும் அதுவே. துண்டைப் போர்த்திக்கொண்டு குளியலறையிலிருந்து வருவது, நீச்சலுக்கு வரமாட்டேன் என்பது, திருச்செந்தூர் போலச் சட்டையைக் கழற்றி நுழைய வேண்டிய கோயிலுக்கு வெளியிலேயே நின்றுவிடுவது எல்லாவற்றையும் வீட்டில் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். சிகிச்சை எளிதாகப் பலிக்கக்கூடிய ஆண்டுகள் இப்படி ஒளித்துவைப்பதிலேயே கழிந்துபோகின்றன. ஆகவே, இந்தக் கோளாறோடு வாழ்வது பற்றிய பேச்சை, பிள்ளையிடம் கேலியில்லாமல் நேரடியாகக் கேட்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

லேசான பள்ளம் உடல்நலத்தைக் கெடுப்பதில்லை. ஆழமான பள்ளத்தில் நெஞ்செலும்பு இதயத்தின் வலது கீழறையை அழுத்தி, இதயத்தை இடப்பக்கமாக ஒதுக்கிவிடும். உட்கார்ந்திருக்கும்போது ஒன்றும் தெரியாது. ஓடும்போது இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேற்றும் இரத்தத்தைத் தேவைக்கேற்பக் கூட்ட முடியாமல் போகும். சீக்கிரமே மூச்சு வாங்கும், படபடப்பு வரும், நெஞ்சு வலிக்கும். ஓய்வில் எடுக்கும் மூச்சுத்திறன் சோதனை பெரும்பாலும் சரியாகவோ சற்றே குறைவாகவோ வரும். அதைப் பார்த்துவிட்டு “எல்லாம் நார்மல், பையன் சோம்பேறித்தனத்துக்குச் சாக்குச் சொல்கிறான்” என்று முடிவு கட்டுவது அநியாயம். சந்தேகம் இருந்தால், ஓடவைத்தோ மிதிவண்டி மிதிக்கவைத்தோ செய்யும் சோதனையைக் கேட்டு வாங்க வேண்டும்.

மார்பு எக்ஸ்ரேயிலும் ஒரு சிக்கல் உண்டு. இதயத்தின் வலது விளிம்பு மங்கித் தெரிவதால், வலது நுரையீரலின் நடுமடலில் நிமோனியா என்று தவறாகப் படிக்க இடமிருக்கிறது. பக்கவாட்டுப் படம் எடுத்தால் விஷயம் தெளிந்துவிடும்.

ஆழத்தை அளக்க ஹாலர் குறியீடு பயன்படுகிறது. சி.டி. ஸ்கேனில் மார்புக்கூட்டின் உட்புற அகலத்தை, நெஞ்செலும்புக்கும் முதுகெலும்புக்கும் இடையே மிகக் குறுகிய இடத்தின் தூரத்தால் வகுக்க வேண்டும். அகலம் 26 செ.மீ., இடைவெளி 8 செ.மீ. என்றால் குறியீடு 3.25. சாதாரண மார்பில் இது சுமார் 2.5 இருக்கும், 3.25-ஐத் தாண்டினால் கடுமையானது என்று கொள்வார்கள். ஆனால் இந்த எண்ணை மட்டும் வைத்து அறுவை சிகிச்சையை முடிவு செய்வது சரியல்ல. குறியீடு 4 இருந்தும் சிரமமின்றி ஓடியாடுபவர்கள் இருக்கிறார்கள். இந்தக் குறைபாடு தனக்கு இருப்பதை மறைக்காத அமெரிக்க நீச்சல் வீரர் கோடி மில்லர் 2016 ரியோ ஒலிம்பிக்கில் 100 மீட்டர் மார்பு நீச்சலில் வெண்கலம் வென்றார்.

ஒன்றை மட்டும் தவறவிடக் கூடாது. பிள்ளை வயதுக்கு மீறிய உயரமாக, நீண்ட கைகளும் மெல்லிய நீண்ட விரல்களுமாக இருந்தால் மார்ஃபான் நோய்த்தொகுதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த நோயில் உயிருக்கு ஆபத்து மார்புப் பள்ளத்தால் அல்ல, விரிந்து கிழியக்கூடிய பெருந்தமனியால். எக்கோ பரிசோதனையில் அது தெரிந்துவிடும். முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருக்கிறதா என்றும் கூடவே பார்ப்பார்கள்.

உடற்பயிற்சி எலும்பை நிமிர்த்தாது. ஆனால் முதுகுத் தசைகளை வலுப்படுத்தித் தோளைப் பின்னிழுத்து நிற்கப் பழகினால் பள்ளம் எடுப்பாகத் தெரிவது குறையும். நீச்சல் மூச்சுக்கும் நல்லது, உடல்வாகுக்கும் நல்லது.

அறுவையில்லாத சிகிச்சையில் இன்று அதிகம் பயன்படுவது வெற்றிடக் கிண்ணி. இதே குறைபாடு உள்ள ஜெர்மானியப் பொறியாளர் எக்கார்ட் க்ளோபே வடிவமைத்தது. மார்பின் மேல் பொருத்திக் கைப்பம்பால் காற்றை உறிஞ்சினால் நெஞ்செலும்பு மேலெழும்பும். தொடக்கத்தில் ஒரு நாளைக்கு இரு வேளை, அரை மணி நேரம். பிறகு மெல்ல மெல்ல நேரத்தைக் கூட்டி ஓராண்டுக்கு மேல் விடாமல் அணிய வேண்டும். மார்பு இளகியிருக்கும் சிறுவயதில், ஆழம் குறைவாக இருந்தால் நல்ல பலன் கிடைக்கும். தோல் கன்றிப்போவதும் முதுகு வலிப்பதும் உண்டு. இரத்தம் உறையாத நோயோ எலும்பு எளிதில் நொறுங்கும் நோயோ உள்ளவர்களுக்கு இது ஆகாது. முதல்முறை மருத்துவர் முன்னிலையில்தான் போட வேண்டும்.

அறுவை சிகிச்சைக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. ஜெர்மானிய மருத்துவர்களான மேயர் 1911-இலும் சாவர்ப்ரூக் 1913-இலும் செய்த முயற்சிகளைத் தொடர்ந்து, 1949-இல் அமெரிக்காவின் மார்க் ராவிட்ச், கோணலான குருத்தெலும்புகளை அகற்றி நெஞ்செலும்பை வெட்டி நிமிர்த்தும் முறையை வெளியிட்டார். பல பத்தாண்டுகள் அதுவே வழி. மிகச் சிறிய குழந்தைகளுக்கு அளவுக்கு மீறிக் குருத்தெலும்பை அகற்றியதால், அவர்கள் வளரும்போது மார்புக்கூடு விரியாமல் இறுகிப்போன கொடுமையும் நடந்தது. 1996-இல் ஹாலர் குழுவினர் அதை எடுத்துச் சொன்ன பிறகு எச்சரிக்கை வந்தது.

வர்ஜீனியாவின் நார்ஃபோக் நகரில் டொனால்ட் நஸ் வேறு விதமாக யோசித்தார். நுரையீரல் நோயால் முதியவர்களின் மார்புகூட உருமாறி உருண்டு போகிறதென்றால், பிள்ளைகளின் இளகிய குருத்தெலும்பை ஏன் வெட்ட வேண்டும்? 1987-இல் தொடங்கி 1998-இல் அவர் வெளியிட்ட முறையில், இரு விலாப்பக்கமும் சிறு கீறல் போட்டு, வளைத்த எஃகுப் பட்டையைக் குழிவு மேல்நோக்கியிருக்க நெஞ்செலும்புக்குக் கீழே செலுத்துவார்கள். பிறகு அதைப் புரட்டிவிட்டால் நெஞ்செலும்பு அப்போதே மேலெழும்பிவிடும். உள்ளே கேமரா வைத்துப் பார்த்தபடியே இன்று இதைச் செய்கிறார்கள். இதயத்தில் காயம் படுவது மிக அரிது. ஆனாலும் அப்படி நேர்ந்திருப்பதால், இந்தச் சிகிச்சையில் கைதேர்ந்த இடத்தையே நாட வேண்டும்.

நஸ் முறையில் தழும்பு சிறியது, வலி பெரியது. விலா நரம்புகளை உறையவைத்துச் சில மாதங்களுக்கு மரத்துப்போகச் செய்யும் உத்தி வந்தபின் நோயாளிகள் சீக்கிரம் வீடு திரும்புகிறார்கள். முதல் ஆறு வாரம் மல்லாந்துதான் படுக்க வேண்டும். புத்தகப் பையைத் தூக்குவதோ இடுப்பை முறுக்கித் திரும்புவதோ கூடாது. பட்டை நகர்ந்துவிட்டால் மறுபடி அறுவை செய்ய நேரும். கபடி போல மோதி விளையாடும் ஆட்டங்களுக்கு மருத்துவர் தலையசைக்கும்வரை காத்திருக்க வேண்டும். நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு டைட்டானியம் பட்டை வைப்பார்கள். கவரிங் நகை போட்டால் அரிக்கும் என்றால் அதை முன்பே சொல்லிவிட வேண்டும். சுமார் மூன்று ஆண்டுகள் கழித்துப் பட்டையை எடுப்பார்கள்.

பட்டை உள்ளே இருக்கும் காலம் முழுவதும் அதைக் குறிக்கும் மருத்துவ அட்டை ஒன்று சட்டைப்பையில் இருக்க வேண்டும். விமான நிலையத்தில் உலோகக் கருவி ஒலிக்கலாம் என்பது சின்ன விஷயம். இதயம் நின்றுபோனால் மார்பை அழுத்துபவர் வழக்கத்தைவிடப் பலமாக அழுத்த வேண்டும். மின்னதிர்ச்சித் தகடுகளில் ஒன்றை மார்பிலும் மற்றொன்றை முதுகிலுமாக ஒட்ட வேண்டும். வீட்டாருக்கும் பள்ளி ஆசிரியருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.